கரையைக் காக்கும் முன்னேற்பாடு

2024ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் முனையத்தில், இயந்திரமும் சுக்கானும் செயலிழந்த தூர்வாரும் கப்பல் ஒன்று, நின்றிருந்த எண்ணெய்க் கப்பலின்மீது மோதியது. ஏறத்தாழ 400 டன் எரியெண்ணெய் கடலில் கலந்தது. நீரோட்டம் அதனைச் செந்தோசா, லாப்ரடார், கிழக்குக் கடற்கரை எனப் பல கரைகளுக்கும் கொண்டு சேர்த்தது.

சிந்திய எண்ணெய், அதிகாரிகள் கூடி ஆலோசித்து முடிக்குமட்டும் காத்திராது. ஆதலின், எக்கரையை முதலில் காப்பது, யார் தலைமை ஏற்பது, மிதவைத் தடுப்புகளை எங்கே வைத்திருப்பது, எண்ணெய் தோய்ந்த மணலை எங்கே கொட்டுவது என்பனவற்றை முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும்.

இவற்றுள் முதலாவதே கடினமானது. தடுப்புகள் சில, கரையோ நீண்டது. மணற்கரையைச் சுரண்டித் தூய்மை செய்துவிடலாம். கண்டல் மரங்களோ சேற்றின் மேலெழும் வேர்களால் மூச்சு விடுபவை. எண்ணெய் படிந்தால் அவ்வேர்களின் துளைகள் அடைபடும்; சேற்றில் ஊறிய எண்ணெய் பல ஆண்டுகள் தங்கிவிடும். எனவே, மக்கள் நீராடும் கரையினும் கண்டற்காட்டிற்கே முதற்காப்பு வேண்டும். லாப்ரடாரை ஒட்டிய பெர்லேயர் ஓடையில் தடுப்புகள் இடப்பட்டது இதன்பொருட்டே.

அவசரத்தில் பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதும் உண்டு. 1967இல் டோரி கேன்யன் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே பாறையில் மோதியபோது, எண்ணெயைச் சிதறடிக்க ஏறத்தாழ 10,000 டன் இரசாயன மருந்து தெளிக்கப்பட்டது. எண்ணெய்க்குத் தப்பிய கடல் நத்தைகள் அந்நஞ்சினால் மடிந்தன. எம்மருந்தை எங்கே தெளிக்கலாகாது என்பதும் திட்டத்தில் இருத்தல் வேண்டுமென்பது அன்று கிடைத்த பாடம்.

திட்டத்தை எழுதினால் மட்டும் போதாது. படகோட்டியும் துப்புரவாளரும் தவறாது ஒத்திகை பார்த்தால்தான் அது ஏட்டுச் சுரைக்காய் ஆகாதிருக்கும்.