40 டிகிரி வெயிலில் ரைடிங் ஜாக்கெட்: ஈர பனியன் கைகொடுப்பது எப்படி?

"ஏனுங்க, இந்த வெயில்ல கோட்டா?"

ஏப்ரல் மாதம் ரைடிங் ஜாக்கெட்டோடு பல்லடம் பக்கம் டீக்கடையில் நின்றால் இந்தக் கேள்வி நிச்சயம். கேட்பதிலும் நியாயம் இருக்கு. கோவைக்காவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொஞ்சம் கருணை காட்டும். காங்கேயம், வெள்ளகோவில் தாண்டி கரூர் போகப்போக அந்தச் சலுகை தேய்ந்துவிடும். தமிழகத்தில் வெயில் உச்சம் தொடும் இடங்களின் பட்டியலில் கரூர் பரமத்தி அடிக்கடி வரும் பெயர்.

'வண்டி ஓடினா காத்து வரும், சட்டை போதும்' என்பது பலரின் கணக்கு. 30 டிகிரியில் அது சரி. ஆனால் நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. வெளிக்காற்று 40-ஐத் தொட்டால், அந்தக் காற்று உடம்பின் சூட்டை எடுக்காது; சூட்டை ஏற்றும். அப்போது உடம்பைக் காப்பாற்றுவது வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூடு வெளியேறும். வெறும் சட்டையில் வேகமாகப் போகும்போது வியர்வை சட்டுசட்டென்று காய்ந்து, உடம்பின் தண்ணீர்தான் கரையும்.

அந்தத் தண்ணீரை வெளியிலிருந்து கொடுப்பதுதான் கூலிங் வெஸ்ட். நம்ம வீட்டு மண்பானை வேலை செய்யும் அதே விதம். நனைத்து, சொட்டாத அளவு பிழிந்து உள்ளே போட்டு, மேலே மெஷ் ஜாக்கெட் மாட்ட வேண்டும். ஜாக்கெட்டுக்கு மேலே போட்டால் பலன் குறைவு. காசு செலவழிக்க மனமில்லையா? திருப்பூர் காட்டன் பனியனே போதும். சீக்கிரம் காயும், அவ்வளவுதான். பெட்ரோல் பங்க்கில் மறுபடி நனைத்துக்கொள்ளலாம். கடும் வெயிலில் ஜிப்பை முழுக்கத் திறந்துவிடாமல் கொஞ்சம் மூடி வைத்தால் ஈரம் நெடுநேரம் நிற்கும்.

கொங்கு மண்டலத்தின் வறண்ட காற்றுதான் இங்கே பலம். இதே வெஸ்ட்டைச் சென்னைப் புழுக்கத்தில் போட்டால் ஈரத்துணிதான் மிஞ்சும். அங்கே ஐஸ் பேக் வைத்த வெஸ்ட் தேவலை, கனம் அதிகம் என்றாலும்.

வாங்கும்போது வெஸ்ட்டை ஜாக்கெட்டுக்குள் போட்டே பாருங்க. தோள், முழங்கை பேடுகள் இடம் மாறினால் ஜாக்கெட் போட்டும் பிரயோஜனமில்லை.

வெஸ்ட் இருக்கிறதே என்று தண்ணீர், உப்புப் போட்ட மோரைத் தள்ளிப்போடக் கூடாது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் வண்டியை நிழலில் ஓரங்கட்டணும். பேச்சு குழறினால் உடனே 108-ஐக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும்.