பின்பனியும் ஒரு பிள்ளையின் கட்டுரையும்

பெரும்பொழுது ஆறு என வகுத்தனர் நம் முன்னோர். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். இதனை இருபத்தைந்து ஆண்டுகளாக மாணாக்கர்க்கு ஓதுவித்து வருபவன் நான். பிழையின்றி ஒப்புவிக்கும் பிள்ளைக்கு முழுப் புள்ளி வழங்குவேன். ஒப்புவித்ததைச் சாளரத்துக்கு வெளியே உள்ள உலகோடு ஒருமுறையேனும் ஒத்துப் பார்த்ததுண்டா என்று என்னை எவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனித் தொடக்கத்தில், எட்டாம் வகுப்பினர்க்குப் 'பனி நீங்கி வேனில் வருதல்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். ஏடுகள் எல்லாவற்றிலும் மாந்தளிரும் தென்றலும் குயிலும் வண்டும் நிறைந்திருந்தன. அவை யாவும் நான் சொல்லிக்கொடுத்தவையே. தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும் நான்கே வரிகள் எழுதியிருந்தாள்:

"எங்கள் லயத்துக்குப் பின்னாலுள்ள மண்மேடு காய்ந்துவிட்டது. அம்மா இப்போது இரவில் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. சரிந்த இடத்தில் மஞ்சள் பூ பூத்திருக்கிறது. ஆறுமணிக் குருவி இன்னும் போகவில்லை. சித்திரை முடிவதற்குள் போய்விடும்."

'பொருளுக்குப் புறம்பானது' என்று சிவப்பு மையால் எழுதி, இருபதுக்கு நான்கு புள்ளி இட்டேன்.

"சேர், நான் பார்த்ததைத்தானே எழுதினேன்?" என்றாள் அவள்.

"பார்த்ததை எழுதுவது செய்தி, பிள்ளை, மரபை எழுதுவதே இலக்கியம்" என்றேன். என் விடை அப்போது எனக்கு மிக அழகியதாகவே தோன்றிற்று. அன்றிரவு அஃது அத்துணை அழகியதாக இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன் பதுளையிலிருந்து புறப்பட்டு அத்தோட்டத்துக்கு ஏறினேன். நமுனுகுல மலைமுடியைப் பனிமூட்டம் இன்னும் மூடியிருந்தது. ஆறு மணி அளவில் புதருக்குள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒலி எழுந்தது. ஆறுமணிக் குருவியேதான்! பச்சை முதுகும் நீலச் சிறகும் வாலடியில் செம்மையும் கொண்ட அச்சிறு பறவை, புரட்டாசி ஐப்பசியில் இந்தியாவிலிருந்து இங்கு வந்து, வேனிலில் கூடுகட்ட மீண்டும் வடக்கே பறந்துவிடும். அதன் குரலைப் பல ஆண்டுகள் கேட்டிருந்தும், அதனை விருந்தினன் என்று எண்ணியவனல்லேன்.

கவ்வாத்து வெட்டிய மலையில் செடிகள் வெறுங் குச்சிகளாய் நின்றன. குனிந்து நோக்கினால் ஒவ்வொரு கணுவிலும் செந்நிறத் தளிர் ஒன்று, அரிசி முனையளவே, தலைகாட்டிற்று. வெட்டப்படாது எஞ்சிய முள்முருங்கை ஒன்று இலையுதிர்த்துச் செம்பூச் சூடியிருந்தது. வேலியோரத்துத் தேயிலைச் செடியொன்றில் மஞ்சள் மகரந்தம் பொதிந்த வெண்பூ கண்டேன். கொழுந்துக்காக ஓயாமல் கிள்ளப்படும் செடி பூப்பதற்கு இடமேது? நாள்தோறும் தேநீர் அருந்தும் நம்மில் எத்தனை பேர் தேயிலைப் பூவைக் கண்டிருக்கிறோம்?

லயத்தின் பின்னே, முந்திய மழையில் சரிந்த செம்மண் வடுவின்மேல், அம்மஞ்சள் பூ நின்றது. அது கிலுகிலுப்பை. காற்றின் உரத்தை வேர் முடிச்சுகளில் சேர்த்து, வளமிழந்த மண்ணை வளப்படுத்தும் செடி அது.

"சித்திரை இடிமழை வரைக்கும் கொஞ்சம் நிம்மதியாத் தூங்கலாம் சேர்" என்றார் மாணவியின் தாயார்.

ஊவா மலைகளின் கீழ்ப்புறத்துக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. 2014 ஒக்டோபர் 29 அன்று, ஐப்பசி மழையில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிய துயரை இம்மாவட்டம் மறவாது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரியன என்றார் தொல்காப்பியர். அக்கூதிரை இங்குள்ளோர் அச்சத்தோடு கழிக்கின்றனர். பாலைக்கு வேனிலோடு பின்பனியும் உரித்து என்றார் அவரே. பாலையின் ஒழுக்கம் பிரிவு. தைப்பொங்கலுக்கு ஊர்வந்த இளைஞர் கொழும்புக் கடைகளுக்குத் திரும்பிவிட்டனர். குருவியும் போகக் காத்திருக்கிறது. அப்பிள்ளை மரபை மீறவில்லை. மரபுக்குள்ளேயே நின்று, நான் காணாததைக் கண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவளுடைய ஏட்டை வாங்கி, நான் எழுதியதை அடித்துவிட்டுப் புள்ளியை மாற்றினேன். அன்று முதல், கட்டுரைக்கு முதல்நாள் தாம் கண்ட ஒரு சிறு பொருளைச் சொல்லிவிட்டே மாணாக்கர் எழுதத் தொடங்க வேண்டும் என்பது என் வகுப்பின் விதி. ஆசிரிய அன்பர்களும் இதனைச் செய்து பார்க்க வேண்டுகிறேன்.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின் பெருமழை பதுளை மாவட்டத்துச் சரிவுகள் பலவற்றை இடித்துத் தள்ளிற்று. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், புதிதாய்க் கசியும் கலங்கல் நீர் ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவுறுத்தி வருகிறது. அத்தாயார் மேட்டடியில் கலங்கல் நீர் கசியக் கண்டு, பகலிலேயே அயலாரையும் அழைத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு இறங்கிவிட்டார். அப்பிள்ளையின் கண் எவரிடமிருந்து வந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன்.