சிலந்தியும் யானையும்

மெலியார் போலத் தோன்றுவாரை இகழ்தல் தீதென்பதனை விலங்குகளின்மேல் வைத்து அறிவுறுத்துங் கதைகள் பல நாட்டினும் உள்ளன. எலியொன்று வலையை அறுத்துச் சிங்கத்தை விடுவித்த கதை யவன நாட்டு ஈசாப்பின் பெயரால் வழங்குவது. முயலொன்று சிங்கத்துக்குக் கிணற்று நீரில் அதன் நிழலையே காட்டி அதனை வீழ்த்தியதும், குருவியின் பொருட்டு மரங்கொத்தியும் ஈயும் தவளையும் ஒன்றுகூடி மதயானையை மாய்த்ததும் பஞ்சதந்திரக் கதைகள். தாண்டவராய முதலியார் தமிழ் உரைநடையிற் செய்த பஞ்சதந்திரம் 1826-ஆம் ஆண்டில் அச்சேறிற்று. எனினும் சைவர்களாகிய நமக்கு இவற்றினும் அணுக்கமான வரலாறு ஒன்றுண்டு. அது திருவானைக்காவிற் சிலந்தியும் யானையும் வழிபட்ட வரலாறு. அதன் பொருளைப் பலரும் பாதியளவே கொள்ளுதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

காவிரிக்கரைச் சோலையில் வெண்ணாவல் மரத்தின் நீழலிற் சிவலிங்கப் பெருமான் எழுந்தருளியிருந்தார். வெள்ளானையொன்று நாடோறும் துதிக்கையில் நீர் முகந்து வந்து ஆட்டி, மலர் சாத்தி வழிபட்டது. அறிவு மிக்க சிலந்தியொன்று பெருமான் திருமுடிமேற் சருகு உதிராவண்ணம் தன் வாய்நூலால் மேற்கட்டி அமைத்தது. வழிபட வந்த யானை அதனைத் தூய்மையற்றதென்று கருதிச் சிதைத்தது. யானையின் கை சுழன்றதனால் வலை அழிந்தது போலும் என்று எண்ணிய சிலந்தி மீண்டும் இழைத்தது. மறுநாளும் யானை அதனை அழிக்கவே, சினங்கொண்டு துதிக்கையினுட் புகுந்து கடித்தது. யானை கையை நிலத்தில் மோதி வீழ்ந்து இறந்தது. உட்புகுந்த சிலந்தியும் உயிர் நீத்தது. இறைவர் யானைக்கு வரங்கொடுத்துச் சிலந்தியைச் சோழர் குலத்திற் பிறக்க அருளினார். சுபதேவருக்கும் கமலவதியாருக்கும் மகவாய்த் தோன்றிய அதுவே கோச்செங்கட்சோழ நாயனார் என்பது பெரிய புராணம்.

இதனைக் கேட்போர், "சிறிய சிலந்தியும் பெரிய யானையைக் கொல்லும், ஆதலிற் சிறியாரை இகழற்க" என்று முடிப்பர். அஃது உண்மையே. யானையின் வலியெல்லாம் துதிக்கையிலே உள்ளது. மரத்தைப் பெயர்ப்பதும் அதுவே. ஆயின் எலும்பில்லாததும், ஊறுணர்வு மிக்கதும், வாயில் திறந்ததுமான உறுப்பும் அதுவே. வலி எங்குளதோ அங்கேயே மெலிவு புகும் வழியும் உளது.

ஆயினும் கருத்து இவ்வளவே என்னின், யானைக்கும் வரங்கொடுத்தார் என்றது மிகையாய் முடியும். வென்றது எது, தோற்றது எது என்பதே கதையின் நோக்கமாயின் தோற்றதற்கு அருள் எற்றுக்கு? கொன்ற சிலந்திக்கு அரசுரிமை வந்தது தகுமோ எனின், அருள் அதன் கடிக்குக் கிடைத்ததன்று. மேற்கட்டி அமைத்த தொண்டுக்குக் கிடைத்தது. கடியின் பயனாக அது தானும் அப்பொழுதே மாய்ந்தது. ஆகவே ஈண்டு இகழப்பட்டது சிலந்தியின் வலியன்று, அதன் அன்பு. யானை செய்த பிழை, தன் வழிபாட்டின் முறைமையொன்றையே அளவுகோலாகக் கொண்டு, பிறிதோர் உயிரின் வழிபாட்டை அழுக்கெனக் கண்டமையே. யானையின் செயலும் அன்பின் வழிப்பட்டதென்பதைச் சிலந்தியும் அறிந்திலது.

இவ்வறியாமைக்கு மூலம் யாது? ஆன்மா எடுத்த உடம்பின் அளவினதாகும் என்பர் சமணர். சித்தாந்திகள் அதனை மறுத்து, ஆன்மா வியாபகம் என்பர். பருமையும் சிறுமையும் வினைக்கீடாக மாயையினின்று வந்த உடம்புக்கு உரியன; உயிர்க்கு உரியனவல்ல. அங்ஙனமாகவும் உடம்பின் பருமையைத் தன் பெருமையாகக் கருதச் செய்வது ஆணவம். சகலாகம பண்டிதராகிய அருணந்தி சிவாசாரியார் திருவெண்ணெய்நல்லூரில் இளம் பாலராகிய மெய்கண்டாரை அணுகி, ஆணவத்தின் இயல்பு யாதென வினவினார். மெய்கண்டார் மறுமொழி கூறாது அவரையே நோக்கினார் என்பது மரபு. அந்நோக்கே விடையாயிற்று. பாலரென்று கருதி வந்தவர் அவர்க்கே மாணவராகிச் சிவஞான சித்தியாரை அருளினார்.

உலகியலிலும் இதற்கோர் ஒப்புமை காணலாம். எம் நெய்வேலியில் 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்திற் கிணறு தோண்டுவித்தபோது கரிய பொருளொன்று வெளிப்பட்டது. அப்பழுப்பு நிலக்கரி கருநிலக்கரி போன்று உறுதியுடையதன்று, எடையில் ஏறக்குறையப் பாதி ஈரமே, வெம்மையும் குறைவு. எனினும் 1956-இல் அதன்பொருட்டு நிறுவனம் அமைந்தது. 1962-இல் மின்னாக்கம் தொடங்கிற்று. கரிப்படலத்தின் கீழ் அழுத்தத்தோடு நிற்கும் நீரின் நிலையும் இத்தகையதே. அதனை இடையறாது இறைக்காவிடின் அது சுரங்கத்தின் அடித்தளத்தையே பெயர்த்தெழும். மண்ணகழும் பேரியந்திரங்கள் தம் தொழிலைச் செய்வது, இரவும் பகலும் அந்நீர் இறைக்கப்படுதலினாலேயாம். அறிவில்லாத சடப்பொருளையே புறத்தோற்றங் கொண்டு எளிதென மதித்தலாகாதாயின், அறிவுடைய உயிரை அங்ஙனம் மதித்தல் எவ்வாறு பொருந்தும்?

அரசராய்ப் பிறந்த சிலந்தி செய்த பணி யாதெனின், பெருமானுக்குத் திருக்கோயில்கள் எடுத்ததேயாம். அவர் எடுத்த மாடக்கோயில் எழுபது என்று திருமங்கையாழ்வாரும் கூறுவர். வைகலும் அம்பரும் நன்னிலமும் அவற்றுட் சில. யானை ஏறாவண்ணம் அவை உயர்த்துக் கட்டப்பட்டன என்று வழங்குவர். பழம் பகையின் வாசனை அங்ஙனம் எஞ்சியிருப்பினும், தொண்டின் வாசனை அதனினும் பெரிது. அன்று நூலால் இழைத்த நிழலே பின்னர் மாடமாக உயர்ந்தது. யானை சிதைத்தது ஒரு வலையை. அவ்வலையினுள் எழுபது கோயில்கள் அடங்கியிருந்தமையை அது கண்டிலது.

ஆதலின் எளியர் ஒருவர் ஒரு பூவோ, ஒரு கை நீரோ கொண்டு நம் முறைமைக்கு ஒவ்வாத வகையில் வழிபடக் காணின், அதனை விலக்கக் கை நீட்டுமுன் திருவானைக்காவை நினைத்தல் அறிவுடையார்க்குக் கடனாம்.