பழைய டிராக்டருக்குப் புதிய எண்ணெய்ப் பம்பு: தேர்ந்தெடுக்கும் முறையும் பூட்டும் முறையும்

பெரம்பலூர் ஜில்லா, வேப்பந்தட்டை தாலூகாவில் பச்சைமலை அடிவாரத்தில் அமைந்துள்ளது அரும்பாவூர். மரச் சிற்பத்திற்குப் பெயர்பெற்ற இவ்வூரைச் சுற்றி மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் பயிராகின்றன. மானாவாரி நிலம் வைத்திருப்போர் மழையை நம்பியே உழவு தொடங்க வேண்டியவர்கள். ஒரு நல்ல மழைக்குப் பின் கரிசல் மண்ணில் உழவுக்குத் தக்க பதம் சில நாட்களே நிற்கும். அந்நாட்களில் டிராக்டர் நின்றுவிட்டால் விதைப்பு பிந்துகிறது. பிந்திய விதைப்பினால் மகசூல் குறைகிறது. ஆகையால், யந்திரத்தின் சிறு உறுப்பாகிய எண்ணெய்ப் பம்பைப் பற்றி ஒவ்வொரு விவசாயியும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பழைய டிராக்டர்களில் அடிக்கடி காணப்படும் கோளாறு யாதெனில், காலையில் எஞ்சின் நன்றாகப் புறப்படும்; வெறுமனே ஓடும்போது குறையொன்றும் தெரியாது; ஒன்பது கொத்துக் கலப்பையை மண்ணில் இறக்கியவுடன் திணறி நின்றுவிடும். இத்தகைய சமயத்தில், "பெரிய பம்பாகப் போட்டால் சரியாகிவிடும்" என்று பக்கத்திலிருப்போர் சொல்வது வழக்கம். இந்த யோசனை சில வேளை சரியாகலாம். பல வேளை வீண் செலவாகவே முடியும்.

பம்பின் வேலை

மெக்கானிக்குகள் 'பீட் பம்பு' என்று கூறும் இவ்வுறுப்பு, டாங்கியிலுள்ள டீசலை இழுத்து, பில்டர் வழியாக இன்ஜெக்ஷன் பம்புக்குத் தள்ளிக் கொடுக்கிறது. எஞ்சினுக்குள் சுழலும் காம் இதன் நெம்புகோலை அசைக்க, 'டயாபிரம்' என்னும் மெல்லிய தகடு மேலும் கீழும் செல்கிறது. கொல்லன் உலைத் துருத்தியில் காற்று ஒரு வழியே புகுந்து மறு வழியே போவதுபோல், இதிலுள்ள இரண்டு வால்வுகள் எண்ணெயைத் திரும்பவிடாமல் முன்னே செலுத்துகின்றன. தள்ளும் அழுத்தத்தை நிர்ணயிப்பது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கேயாகும்.

எஞ்சினுக்கு எவ்வளவு எண்ணெய் தேவை? 35 குதிரைத்திறன் எஞ்சின் முழுப் பளுவில் ஓடினாலும் மணிக்கு ஏறக்குறைய 7 அல்லது 8 லிட்டர் டீசலே செலவாகும். அதாவது நிமிஷத்திற்குச் சுமார் 125 மில்லிலிட்டர்; ஒரு சிறு தம்ளர் அளவு. நல்ல நிலையிலுள்ள பழைய பம்பே இதைப்போல் பல மடங்கு தரவல்லது. எனவே எண்ணெய் போதாமற் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பம்பு சிறிதாயிருப்பதன்று; வழியில் ஏற்பட்ட தடையோ, காற்றுக் கசிவோ, உள்ளுறுப்புகளின் தேய்மானமோ ஆகும்.

வாங்குமுன் சோதிக்க வேண்டியவை

முதலாவது, டாங்கி மூடியிலுள்ள காற்றுத் துவாரம். அது தூசியால் அடைபட்டால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் வராது. மூடியைத் தளர்த்தியவுடன் எஞ்சின் சீராக ஓடினால் குற்றம் மூடியுடையதே.

இரண்டாவது, அடிக்கிண்ணத்திலும் பில்டரிலும் தங்கிய தண்ணீரும் வண்டலும். மூன்றாவது, டாங்கிக்கும் பம்புக்கும் இடையேயுள்ள ரப்பர்க் குழாய். வெடித்த குழாய் எண்ணெயை வெளியே சிந்தாமலே காற்றை உள்ளே இழுக்கக்கூடும்.

நான்காவது, பம்பின் வெளிப்பக்கக் குழாயைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றிப் பார்த்தல். ஒவ்வொரு தடவையும் எண்ணெய் திடமாகப் பீறிட வேண்டும். குமிழிகள் வந்தால் காற்றுக் கசிவு. வழி சுத்தமாயிருந்தும் சொட்டுச் சொட்டாக வந்தால் பம்பு தேய்ந்தது என அறிக.

ஐந்தாவது, எஞ்சின் ஆயில். அளவுகோலில் ஆயில் மட்டம் தானே உயர்ந்து டீசல் வாடையும் வீசினால், டயாபிரம் கிழிந்து டீசல் ஆயிலில் கலக்கிறதோ எனச் சந்தேகிக்க வேண்டும். அந்நிலையில் ஒரு சால்கூட ஓட்டலாகாது. நீர்த்த ஆயிலில் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சினே நாசமாகும்.

தேர்ந்தெடுத்தல்

பம்பின் உடல் நன்றாயிருந்து டயாபிரமும் வால்வும் மட்டும் கெட்டிருந்தால் அவற்றை மாற்றுவதே சிக்கனம். நெம்புகோலின் ஊசி தளர்ந்து ஆடினால் புதுப்பம்பே நலம். அதை வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், நெம்புகோலின் நீளம், வளைவு, போல்ட்டுத் துவாரங்களின் இடைவெளி, குழாய் மரை ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். நெம்புகோல் சற்று நீண்டாலும் காம் அதை முறிக்கும்.

அதிக அழுத்தமுள்ள பம்பு மேலானதென்று எண்ணுவது பிழை. இன்ஜெக்ஷன் பம்புக்கு விதித்த அளவை மீறினால் அதன் சீல்கள் கெடும். பழைய பெட்ரோல் கார், ஜீப்பு வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். கார்புரேட்டர் வண்டிக்குப் பொதுவாக 3 முதல் 5 பவுண்டு அழுத்தமே போதும். இன்ஜெக்ஷன் காரின் மின்சாரப் பம்போ 40 பவுண்டு அளவில் தள்ளும். அதைப் பூட்டினால் பெட்ரோல் வழிந்து தீப்பிடிக்க ஏதுவாகும். 2025ஆம் ஆண்டில் நம் நாட்டில் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலை வந்தமையால், அதைத் தாங்கும் டயாபிரமும் குழாயும் உள்ளனவா என்றும் கேட்டறிதல் நலம்.

பூட்டும் முறை

பாட்டரி இணைப்பை நீக்கி, டாங்கித் திருகை மூடி, பம்பைச் சுற்றியுள்ள அழுக்கைத் துடைத்த பிறகே கழற்ற வேண்டும். காமின் தாழ்ந்த பக்கம் நெம்புகோலுக்கு நேரே வருமாறு எஞ்சினைத் திருப்பிக்கொண்டால் புதுப்பம்பு எளிதில் உட்காரும். காஸ்கட்டு பழைய கனத்திலேயே இருக்கட்டும்; ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நெம்புகோலின் வீச்சு குறைந்து எண்ணெயும் குறையும். போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குக. செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுக.

பின்னர் காற்றெடுத்தல். பில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தி, பம்பின் கைப்பிடியை அடித்து, குமிழியில்லாத எண்ணெய் வந்ததும் மூடுக. இன்ஜெக்ஷன் பம்பிலும் அவ்வாறே செய்க. கைப்பிடி பிடிப்பின்றி அசைந்தால் பம்பு கெட்டதென்று பயப்பட வேண்டாம். காம் உயர்ந்த நிலையில் நிற்கிறது. எஞ்சினைச் சிறிது திருப்பினால் சரியாகும். இன்ஜெக்டரிலிருந்து சீறும் எண்ணெய்க்கு எதிரே கையை நீட்டவே கூடாது. அது தோலைத் துளைத்து உட்செல்லவல்லது. டயாபிரம் கிழிந்திருந்ததாயின், எஞ்சினைப் புறப்படச் செய்யுமுன் ஆயிலையும் ஆயில் பில்டரையும் மாற்றிவிட வேண்டும்.

இறுதியாக, பீப்பாயில் வாங்கிவரும் டீசலை ஓரிரவு அசையாமல் வைத்து, அடி மண்டியை விட்டு மேலிருப்பதை வடிகட்டி ஊற்றுக. மாலையில் வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பினால் இரவில் உள்ளே நீர் கோப்பதும் குறையும்.

இச்சோதனைகளுக்கு அரைநாள் போதும். புரட்டாசி மேகம் பச்சைமலைமேல் கூடிய பின் மெக்கானிக்கைத் தேடி அலைவதைவிட, ஆவணியிலேயே அந்த அரைநாளை ஒதுக்கிக்கொள்ளும் விவசாயி பதம் தவறாமல் விதைப்பார்.