பனியை வாரி எறியும் இயந்திரமும் பறிபோகும் விரல்களும்

கனடாவின் ரொறன்ரோ மாநகரிலும் அதனைச் சூழவுள்ள மார்க்கம், பிரம்டன் போன்ற நகரங்களிலும் வாழும் பிள்ளைகளுடன் தமது இறுதிக் காலத்தைக் கழிப்பதற்காக எமது நாட்டிலிருந்து சென்ற பெற்றோர் பலர் உள்ளனர். பிள்ளைகள் விடியும் முன்னரே வேலைக்குப் புறப்பட்டுவிட, வீட்டு வாசலில் குவிந்து கிடக்கும் பனியை அகற்றும் பொறுப்பைச் சில வீடுகளில் இம்முதியவர்கள் தாமாகவே ஏற்றுக்கொள்கின்றனர். உழைத்துப் பழகிய கைகள் சும்மா இருக்க விரும்புவதில்லை. அக்கைகளுக்கு இன்று சவலுக்குப் பதிலாக, மின்சாரத்தில் இயங்கும் ‘ஸ்னோ புளோவர்’ எனப்படும் பனி அகற்றும் இயந்திரம் வந்து சேர்ந்துள்ளது.

இவ்வியந்திரத்தின் வருகை வரவேற்கத்தக்கதே. பனியை அள்ளிக் கொட்டுவது இருதயத்துக்குப் பெரும் சுமையாகும். கியூபெக் மாகாணத்தின் 1981 முதல் 2014 வரையான தரவுகளை ஆராய்ந்து 2017 இல் வெளியிடப்பட்ட மருத்துவ ஆய்வொன்று, 20 சென்ரிமீற்றர் பனி பொழிந்ததற்கு மறுநாள், ஆண்கள் மாரடைப்பினால் மரணமடையும் வாய்ப்பு பனி பொழியாத நாளைவிட 34 சதவீதம் அதிகமென எடுத்துக்காட்டியது. பனி அள்ளுவதே இதற்குக் காரணமாக இருக்கக்கூடுமென ஆய்வாளர்கள் கருதினர். எனவே முதியவரின் கையிலிருந்து சவலை வாங்கிவைப்பது நல்லதே. ஆனால், அதற்குப் பதிலாகக் கொடுக்கப்படும் இயந்திரத்தின் இயல்பையும் அவருக்கு விளக்கிக் கூறவேண்டும்.

1925 ஆம் ஆண்டில் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார்ட் உருவாக்கிய இயந்திரம் வீதிகளைத் துப்புரவாக்கும் பாரிய வாகனமாகும். இன்று வீடுகளில் உள்ளவை ஒருவரால் தள்ளிச் செல்லக்கூடிய சிறிய இயந்திரங்கள். அவற்றின் முன்வாயில் குறுக்காகச் சுழலும் அலகு, பனியை வாரியெடுத்து மேலேயுள்ள குழாயினூடாகப் பல மீற்றர் தூரத்துக்கு வீசுகின்றது.

ஆபத்து இக்குழாயில்தான் தொடங்குகின்றது. கடுங்குளிரில் விழும் உலர்ந்த பனி மாவைப்போலப் பறந்து செல்லும். வெப்பநிலை பூச்சியத்தை அண்மிக்கும்போது விழும் ஈரப்பனியோ பிசைந்த மாவைப்போலக் குழாயை அடைத்துவிடும். நகரசபையின் வாகனம் வீதியைத் துப்புரவாக்கிச் செல்கையில் வீட்டு வாசலில் ஒதுக்கிவிடும் இறுகிய பனிக் கட்டிகளும் அவ்வாறே. அடைபட்டதும் கையை விட்டு எடுத்துவிடலாமென்று தோன்றுவது மனித இயல்பு. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இவ்வியந்திரங்களினால் காயமடைந்து அவசர சிகிச்சைப் பிரிவுகளை நாடுகின்றனர். அவர்களுள் விரல்களை இழப்போரும் உள்ளனர்.

இயந்திரத்தை நிறுத்திய பின்னரும் விபத்து நேர்வது எவ்வாறு? கைபிடியை விட்டவுடன் அலகு அக்கணமே நின்றுவிடுவதில்லை. அடைப்பினால் இறுகி நிற்கும் அலகில், பட்டியின் இழுவிசை தேங்கியிருக்கவும் கூடும். பனி விலகியதும் அவ்விசை அலகை ஒருமுறை சுழற்றிவிடும். விரலொன்று போவதற்கு அந்த ஒரு சுழற்சியே போதும். கையுறை எவ்விதப் பாதுகாப்பையும் தராது. மாறாக, அது சிக்கிக் கையையும் உள்ளே இழுத்துவிடும்.

ஆகவே பின்பற்றவேண்டிய ஒழுங்கு இதுதான். முதலில் கைபிடியை விடவேண்டும். அலகு முற்றாக நிற்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பின்னர் பிளக்கைக் கழற்றவேண்டும். பற்றரியில் இயங்குவதாயின் பற்றரியை வெளியே எடுத்துவிட வேண்டும். அதன் பின்னரும் கையை விடாது, இயந்திரத்துடன் தரப்படும் துப்புரவுக் கோலினாலோ உறுதியான தடியினாலோ அடைப்பை நீக்கவேண்டும். கைபிடியைக் கயிற்றினால் கட்டிவைத்து இயக்குவது இப்பாதுகாப்பு முழுவதையும் அழித்துவிடும்.

அடுத்தது மின்சாரம். எமது நாட்டில் 230 வோல்ற், அங்கே 120 வோல்ற். குறைந்த வோல்ற் என்பதால் அபாயமில்லையென எண்ணுவது தவறாகும். ஈரத்தில் நிற்பவரின் உயிரைப் பறிக்க அதுவே போதுமானது. எமது வீடுகளிலுள்ள ட்ரிப் சுவிட்ச் பொதுவாக 30 மில்லி அம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும். அங்கு வெளிப்புறப் பிளக் பொயின்றுகளுக்குரிய பாதுகாப்புச் சாதனம் சுமார் 5 மில்லி அம்பியரிலேயே துண்டித்துவிடும். அது அடிக்கடி துண்டிக்குமாயின் வேறொரு பிளக் பொயின்றைத் தேடிச் செல்லாது, வேலையை நிறுத்திவிட்டு வயரையும் இயந்திரத்தையும் பரிசோதிப்பிக்க வேண்டும்.

வீட்டினுள் பாவிக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் இவ்வேலைக்கு உதவாது. அது சூடேறி உருகக்கூடும். வெளிப்புறப் பாவனைக்கென்றே தயாரிக்கப்பட்ட தடித்த வயரே வேண்டும். பனிக்குள் புதையும் வயர் கண்ணுக்குத் தெரியாதென்பதால், பிளக் பொயின்றுக்கு அருகில் வேலையைத் தொடங்கி வெளிநோக்கிச் செல்வதே முறையாகும். அப்போது வயர் எப்போதும் பின்னாலேயே இருக்கும். பற்றரி இயந்திரத்தில் வயர்த் தொல்லை இல்லை. எனினும் பற்றரியை வீட்டினுள் வைத்தே சார்ஜ் செய்யவேண்டும். உறைநிலைக் குளிரில் சார்ஜ் செய்வது அதனைப் பழுதாக்கிவிடும்.

பனி விழுமுன்னரே வாசலிலுள்ள கற்கள், கால்மிதி, விளையாட்டுப் பொருட்கள் ஆகியவற்றை அகற்றிவிடுவது அவசியம். அலகில் அகப்படும் சிறு கல்லும் அயல்வீட்டு யன்னலையோ குழந்தையின் கண்ணையோ தாக்கக்கூடும். சால்வை, கழுத்துத்துணி, தலையை மூடும் துணி ஆகியவற்றின் தொங்கும் முனைகளை மேலங்கிக்குள் செருகிக்கொள்வதும் முக்கியமாகும்.

இதை வாசிப்போரிற் பலர் பனியைக் கண்ணால் கண்டிராதவர்களாக இருக்கலாம். ஆயினும் குளிர்காலம் தொடங்கியதும் அங்குள்ள பெற்றோரையும் உறவினரையும் தொலைபேசியில் நலம் விசாரிப்பவர்கள் அவர்களே. “அங்கே குளிர் எப்படி?” என்று கேட்பதோடு நின்றுவிடாமல், “இயந்திரம் அடைபட்டால் என்ன செய்வீர்கள்?” என்றும் ஒருமுறை கேட்டுவைப்போம். பிளக்கைக் கழற்றிவிட்டுத் தடியை எடுப்போம் என்ற பதில் வருமானால் நிம்மதியடையலாம். வேறு பதில் வருமானால், அந்த உரையாடலைச் சற்று நீட்டுவதே அவர்களுக்கு நாம் செய்யும் பேருதவியாகும்.