செஞ்சியில் கீரை எத்தனை மணி வரை கிடைக்கும்?

விழுப்புரம் மாவட்டத்தில் நெல் வியாபாரம் என்றாலே செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்தான் நினைவுக்கு வரும். அறுவடைக் காலத்தில் மூட்டை ஏற்றிய வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். சுற்றுவட்டாரக் காடுகழனியில் மல்லாட்டை (வேர்க்கடலை), உளுந்து, கேழ்வரகு எல்லாம் விளைகின்றன. கோட்டைக்குள் போனால் அங்கேயும் பருத்த சுவர்களோடு ஒரு நெற்களஞ்சியம். இப்படிப்பட்ட ஊரில் நல்ல சாப்பாடு கிடைப்பது கஷ்டம் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள்தான். ஆனால், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு இரவு பேருந்து நிலையத்துக்கு வரும் ஒரு பெண்ணின் கண்ணில் என்ன படுகிறது? பரோட்டாக் கல், பஜ்ஜிச் சட்டி, சரம்சரமாய்த் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்.

கடை உண்டு, நேரம் இல்லை

பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் முதல் பேருந்தில் கொண்டுவரும் கீரைக்கட்டு காலையிலேயே விற்றுத் தீர்ந்துவிடும். மிஞ்சினால் வெயிலில் வதங்கிப் போகும். காலை ஒன்பது மணிக்கு வேலையில் நிற்க வேண்டியவருக்கு அதை வாங்கி, ஆய்ந்து, கடைந்து வைக்க எங்கே நேரம்? வெள்ளிக்கிழமை வாரச்சந்தை இருக்கிறது. ஆட்டு வியாபாரத்துக்குப் பேர்போனது, காய்கறியும் வரும். ஆனால் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் வெள்ளிக்கிழமை வாங்கிய அரைக்கீரை சனிக்கிழமையைத் தாண்டாது. ஆகவே வாரம் முழுக்க உருளைக்கிழங்கு, வெங்காயம், அப்பளம். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் அந்த அடுப்படியில் ஒரு வாரம் நின்று பார்க்கட்டும்.

நாளொன்றுக்குக் காய்கறி, பழம் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோற்றோடு இரண்டு கரண்டிப் பொரியல் வைத்தால் அதில் பாதிகூடத் தேறாது.

மல்லாட்டை ஊரில் பாமாயில்

தமிழகத்தில் ரேஷன் அரிசி 2011 முதல் இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பட்டினியை விரட்டியதில் ரேஷன் கடைக்குப் பெரும் பங்கு உண்டு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் மலிவாகக் கிடைப்பதுதானே தட்டிலும் நிறையும்? பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. அது அளவு மீறினால் கெட்ட கொழுப்பு கூடும். இங்கே விளையும் மல்லாட்டையோ மூட்டை கட்டி மண்டிக்குப் போகிறது. நூறு கிராம் மல்லாட்டையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. வேகவைத்து ஒரு கைப்பிடி கொடுத்தால் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. அவிக்கும்போது உப்பை மட்டும் குறையுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

தாய்க்கு வெறும் டீ

அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம் அது. மதியம் சத்துணவோடு முட்டை. பிள்ளையை அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடும் தாய் டீயோடு நிறுத்திக்கொள்கிறார். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. படியேறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி என்றால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

முருங்கைக்கீரைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, எந்தத் தெருவிலும் ஒரு மரம் நிற்கும். இலையை அலசி நிழலில் காயவைத்துப் பொடித்தால் வாரக்கணக்கில் தாங்கும். அடைமாவில் இரண்டு கரண்டி போடலாம். கீரைச் சோற்றோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தப் பலன் குறையும். ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை: கேழ்வரகுக் களி என்றாலும் அளவோடுதான். 'கேழ்வரகு சர்க்கரையை ஏற்றாது' என்று நம்பி இரண்டு உருண்டை உள்ளே தள்ளுவதால் பயன் இல்லை. ஓர் உருண்டையோடு கீரைக் குழம்பு நிறைய ஊற்றிக்கொள்ளுங்கள்.

மாலையில் ஒரு கீரைக்கடை

2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சுற்றுலாக் கூட்டம் கூடினால் பாக்கெட் தீனிக் கடைகள் தாமாகவே முளைக்கும். கூழ் வண்டிக்கும் நுங்கு விற்பவருக்கும் யாராவது இடம் ஒதுக்கித் தந்தால்தான் உண்டு. அதற்குச் சட்டம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாகவும் இருக்க வேண்டும். பேருந்து நிலையத்தை ஒட்டி மாலை ஐந்து முதல் எட்டு வரை கீரை, காய், சுண்டல் விற்க நிழலும் விளக்கும் குடிநீரும் உள்ள ஓர் இடம் வேண்டும் என்று அந்தக் குழுவில் கேட்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் கீரையை ஆய்ந்து கட்டித் தந்தால், வேலை முடிந்து வருபவர் அதை அன்றிரவே உலையில் போட்டுவிடலாம்.