நெற்சப்பி

நெற்பயிரோடு ஒன்றாக முளைத்து, கதிர் வெளிவரும்வரை நெல்லைப்போலவே தோன்றும் புல் நெற்சப்பியாகும். தாவர நூலார் இதனை எக்கினோக்குளோவா குரூசு-கல்லி என்பர். இஃது ஓராண்டுப் புல், விதையினாற் பரவுவது. இடைவெப்ப நாடுகளில் மிகுதியாக வளர்வதாயினும், வட அகலக்கோடு 50 பாகை முதல் தென் அகலக்கோடு 40 பாகை வரை பரந்து காணப்படுகின்றது.

வளர்ச்சி

வெப்பமும் வெயிலும் மிக்க இடத்தில் இது நெல்லினும் விரைவாக வளர்ந்து, 1 மீற்றருக்கு மேலும் உயரும். நெல்லுக்கு இட்ட பசளையையும் கவர்ந்துகொள்ளும். நன்கு வளர்ந்த ஒரு செடி 40,000 விதைகள் வரை தரவல்லது. அவ்விதைகள் நெல் அறுவடைக்கு முன்னரே முற்றி உதிர்ந்து, மண்ணிற் சில ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

அடையாளம்

இலைத்தகடும் இலைமடலும் சேருமிடத்தை விரித்துப் பார்த்தல் வேண்டும். நெல்லில் அவ்விடத்தில் மெல்லிய சவ்வு போன்ற சிறுநாவும், மயிர் பொருந்திய இரு காதுகளும் உண்டு. நெற்சப்பியில் இவ்விரண்டும் இல்லை.

உணவுப் பயன்

இப்புல்லினின்று தோன்றிய பயிரொன்றை யப்பானியர் ‘ஹியே’ எனப் பயிரிடுவர். குளிரால் நெல் பொய்க்கும் வடகிழக்குப் பகுதிகளில் அதன் அரிசியைச் சோறாகவும் கஞ்சியாகவும் உண்டு வந்தனர். தமிழ்நாட்டிற் பயிராகும் குதிரைவாலி இதன் நெருங்கிய இனமாகும். இளம் நெற்சப்பியை மாடுகள் விரும்பி உண்ணும். விதை முற்றிய புல்லைக் கொடுத்தால், சாணத்தோடு விதை மீண்டும் வயலைச் சேரும்.

செய்ய வேண்டியவை

1. விதைநெல்லைத் தூற்றிக் களைவிதை நீக்கி விதைக்க.

2. வயலை மட்டமாக்குக. மேடான இடங்களிலேயே இக்களை முதலில் முளைக்கும்.

3. பயிர் நிலைத்தபின் 5 சென்ரிமீற்றர் அளவு நீரைத் தேக்கி வைக்க. நீரின்கீழ் முளைப்பு குறையும். நீருக்கு மேல் எழுந்துவிட்ட செடி இதனால் அழியாது.

4. நாற்று நடுவோர், நாற்றுமேடையிலேயே இதனைக் களைந்துவிடுக.

5. ஒரே களைகொல்லியை ஒவ்வொரு போகமும் தெளித்தல் கூடாது. புரோப்பனில் எனும் மருந்துக்கு அழியாத நெற்சப்பி, இலங்கையில் 1990களிலேயே காணப்பட்டது.

கதிர் தோன்றியபின் பிடுங்குவதால் இப்போக விளைச்சலில் ஏற்பட்ட நட்டம் நீங்காது. எனினும், விதை உதிருமுன் பிடுங்கி வயலுக்கு வெளியே அகற்றும் கமக்காரர் அடுத்த போகத்தைக் காத்துக்கொள்வர்.